பதினான்காம் வரி

நான்கு மாடிக் கட்டடம் அது. லிஃப்ட் இருந்தது. ஆனால் அது ஓடிய நாட்களைவிட ஓய்வெடுத்த நாட்கள்தான் அதிகம். அதனால் அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் மாடிப்படியிலேயே வளர்ந்தார்கள்.

அவர்களில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மாற்றுக் கடை நடத்தினார்கள். காசெல்லாம் கிடையாது, பொருளுக்குப் பொருள்தான். சனிக்கிழமை நாலு மணி அடித்தால் இரண்டாம் மாடிப் படித்திருப்பத்தில் கூடிவிடுவார்கள். ஒருவர் பம்பரத்தை நீட்டுவார், இன்னொருவர் கதைப் புத்தகத்தை நீட்டுவார். இரண்டு பேரும் "சம்மதம்" என்று சொன்னால் மாற்று முடிந்தது.

கடையைத் தொடங்கியவள் நெட்டை. பத்து வயதுதான், ஆனால் பன்னிரண்டு வயதுக்காரர்களின் தலைக்கு மேலாக எட்டிப் பார்ப்பாள். அடுத்து ரேடியோ. இவள் வாயை மூடினால் ஊரே "உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்கும். கணக்குப்புலிக்கு விரல் விட்டு எண்ணும் பழக்கமே இல்லை. வக்கீல், எல்லாவற்றுக்கும் எதிர்வாதம் வைத்திருப்பவன். கடைசியாகப் பட்டாணி. தரைத்தளத்துத் தையல்கார அம்மாவின் மகள், வயது ஏழு.

முதலில் ஒரே ஒரு நோட்டுதான் இருந்தது. அதன்மேல் ரேடியோவின் தம்பி ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தான். யார் எதை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் நீலத் தண்ணீராக ஓடிவிட்டது. அன்றைக்கு நடந்த சண்டையில் லிஃப்ட்கூடப் பயந்து ஒரு தரம் ஓடியது என்று ரேடியோ சொல்வாள்.

நெட்டை அம்மாவிடம் போய் நின்றாள். நிலப் பத்திரங்களைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்கிற ஆபீஸில் அம்மாவுக்கு வேலை.

"உங்க ஆபீஸ்ல நோட்டு நனைஞ்சா என்னம்மா செய்வீங்க?"

அம்மா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சிரித்தாள். "எங்ககிட்ட ஒரு நோட்டு இல்லடி, நிறைய இருக்கு. எல்லாக் கம்ப்யூட்டர்லயும் அதே வரி இருக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு. அதோட, ஒவ்வொரு வரியும் முந்தின வரியோட கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். நடுவுல ஒண்ணை மாத்தினா மத்ததெல்லாம் கத்திடும். பிளாக்செயின்னு பேரு."

நெட்டைக்கு அது போதும். மறுநாளே ஐந்து பேருக்கும் ஐந்து நோட்டு வந்தது.

சட்டம் இதுதான். மாற்று நடந்ததும் நெட்டை வரியைச் சொல்வாள். ஐந்து பேரும் அதே வரியைப் பேனாவால் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. வரியின் கடைசியில் ஒரு வட்டம். வெறும் வட்டம் என்றால் ஒரு வாரத்தில் பொருள்கள் திரும்பிப் போகும். கறுப்பாக நிரப்பிய வட்டம் என்றால் பொருள் போனது போனதுதான்.

அதற்குப் பக்கத்தில் பூட்டு எண். வரியில் எத்தனை எழுத்து என்று எண்ணி, வெள்ளை வட்டத்துக்கு ஒன்று அல்லது கறுப்பு வட்டத்துக்கு இரண்டு சேர்த்து, முந்தைய வரியின் பூட்டு எண்ணையும் கூட்டிப் போட வேண்டும். அவ்வளவுதான். ஒரு வரியில் கை வைத்தால் அதற்குக் கீழே உள்ள எல்லா எண்ணும் தப்பாகிவிடும்.

வக்கீல் சும்மா இருப்பானா? ஆறாம் வரியில் இருந்த 'ஒரு புத்தகம்' என்பதைத் தன் நோட்டில் மட்டும் 'இரண்டு புத்தகம்' என்று மாற்றிப் பார்த்தான்.

கணக்குப்புலி ஒரே பார்வையில் பிடித்துவிட்டான். "ரெண்டு எழுத்து கூடுதலா இருக்கு. கீழ இருக்கிற பூட்டு எதுவுமே சேரல."

"சோதிச்சுப் பார்த்தேன்" என்றான் வக்கீல். "உங்க பூட்டு நல்ல பூட்டுதான்."

நெட்டைக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம நோட்டு பொய்யே சொல்லாது!" என்றாள்.

அந்தப் பெருமைதான் வந்து அவள் காலை வாரியது.

ஒரு வியாழக்கிழமை. பள்ளி விட்டு வந்த நெட்டை, படியில் பட்டாணி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மடியில் நோட்டு. மூக்கு சிவந்திருந்தது.

"என்ன பட்டாணி?"

"அக்கா, பைனாகுலரைத் தர மாட்டேன்னு வக்கீல் அண்ணா சொல்றாங்க."

"ஏன்? ஒரு வாரத்துக்குத்தானே கொடுத்த? சனிக்கிழமை தந்துடுவான்."

"நோட்டைப் பார்க்கச் சொல்றாங்க."

நெட்டை பார்த்தாள். பதினான்காம் வரி. 'பட்டாணியின் பைனாகுலர் வக்கீலுக்கு. வக்கீலின் காந்தப் பெட்டி பட்டாணிக்கு.' பக்கத்தில் வட்டம். நன்றாக, கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளிகூடப் போகாமல், கன்னங்கரேல் என்று நிரப்பிய வட்டம்.

"நீயே நிரப்பியிருக்கியே!"

"நீங்க கறுப்புன்னு சொன்னீங்கக்கா. நான் அழகா நிரப்பினேன்."

நெட்டை வேகமாகப் பையைத் திறந்தாள். தன் நோட்டை எடுத்தாள். கறுப்பு. ரேடியோவையும் கணக்குப்புலியையும் கூப்பிட்டுப் பார்த்தாள், அவர்கள் நோட்டிலும் கறுப்பு. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று மூன்றுமே கறுப்பு வட்ட மாற்றுகள். அந்த வேகத்தில் பதினான்குக்கும் அவள் வாய் "கறுப்பு" என்று சொல்லிவிட்டது. அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஐந்து பேரும் ஒன்றுபோல நிரப்பிவிட்டார்கள்.

நோட்டு ஐந்து இருந்தும் தப்பு ஒன்றே ஒன்றுதான். அந்தத் தப்பு அவளுடையது.

"அது எனக்குச் சொந்தமே இல்லக்கா" என்றாள் பட்டாணி. "அப்பாவோடது. கப்பலுக்குப் போகும்போது, 'நான் வர்ற வரைக்கும் நீ பத்திரமா வச்சுக்கோ'ன்னு கொடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை அப்பா வர்றாங்க. கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள உன் கைக்கு வந்துடும்" என்றாள் நெட்டை. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

ரேடியோவுக்கு வழி தெரிந்திருந்தது. "ரொம்ப சுலபம்டி. நாம நாலு பேர், அவன் ஒருத்தன். நாலு நோட்டுலயும் பதினாலாம் வரியைப் புதுசா எழுதிடுவோம். பூட்டையும் மாத்திடுவோம். அவன் நோட்டுதான் தப்புன்னு ஆயிடும்!"

"மாத்தலாம்" என்றான் கணக்குப்புலி. "இருபது நிமிஷ வேலை."

நெட்டை பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். நிஜமாகவே எழுதத்தான் போனாள். ஆனால் கை நின்றுவிட்டது.

"இன்னைக்கு நாலு பேர் சேர்ந்து வக்கீலுக்கு எதிரா மாத்தினா, நாளைக்கு நீங்க மூணு பேரும் வக்கீலும் சேர்ந்து எனக்கு எதிரா மாத்தலாம். அப்புறம் இந்த நோட்டு எதுக்கு? வேர்க்கடலை மடிச்சுத் தரத்தான் ஆகும்."

"அப்போ பட்டாணி?"

"அவன்கிட்டயே போய்க் கேக்கறேன்."

மூன்றாம் மாடி. மணியை அடித்தாள். வக்கீல் கதவைப் பாதி திறந்தான்.

"பதினாலாம் வரி பத்தின்னா, பேசறதுக்கு ஒண்ணுமில்ல. அஞ்சு நோட்டும் ஒரே மாதிரி சொல்லுது."

"வட்டத்தை நான் தப்பா சொல்லிட்டேன்."

"நம்ம நோட்டு பொய்யே சொல்லாதுன்னு சொன்னது யாரு?"

கதவு மூடியது.

வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. காலை மறுபடி போனாள். "குளிக்கிறான்" என்றார் வக்கீலின் அப்பா. மதியம் போனாள். "தூங்கறான்" என்றார். மாலையில் போனபோது அவருக்கே பாவமாகிவிட்டது. "நாலாவது தடவையும் உன்னைப் படியேற வைக்கிறதுக்கு எனக்கு மனசு வரல. உள்ள போம்மா."

வக்கீல் ஜன்னல் ஓரம் முட்டி போட்டு நின்றிருந்தான். கண்ணில் பைனாகுலர். நெட்டை வாயைத் திறந்ததும் திரும்பாமலே கையை ஆட்டினான். "உஷ்! கத்தாதே. அது பயந்துடும்."

"எது?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு பைனாகுலரைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் வளைவில் ஒரு கூடு. வெறும் கண்ணுக்கு அது குப்பைபோலத்தான் தெரிந்தது. பைனாகுலரில் ஒவ்வொரு குச்சியும் தெரிந்தது. பறவை எழுந்து இடம் மாறி உட்கார்ந்தபோது, அதன் வயிற்றுக்கு அடியில் மூன்று முட்டைகள்.

"ஆறு நாளா பார்க்கறேன்" என்றான் வக்கீல், குரலே வெளியில் வராமல். "இன்னும் ரெண்டு மூணு நாள்ல குஞ்சு வரும். இதைக் கொடுத்துட்டா எனக்கு அது வெறும் புள்ளி."

நெட்டைக்குக் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் பிடி தளரவில்லை.

"அன்னைக்கு நீ என்ன சொன்ன? நோட்டை விடு. உன் வாயால என்ன சொன்ன?"

வக்கீல் ஜன்னல் கம்பியைச் சுரண்டினான். "ஒரு வாரம்னு."

"நாளைக்கு நாலு மணிக்கு வா. பைனாகுலரையும் எடுத்துட்டு வா."

"வந்தா?"

"நான் முதல்ல ஒரு வரி எழுதணும். அப்புறம் நீ சொல்லு."

சனிக்கிழமை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். வக்கீலும் வந்திருந்தான். பைனாகுலர் அவன் மடியில். பட்டாணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினைஞ்சாம் வரி" என்றாள் நெட்டை. அவள் காது மடல் சூடாகியது. "எழுதுங்க. 'பதினான்காம் வரியில் வட்டம் வெள்ளை. கறுப்பு என்று தப்பாகச் சொன்னவள் நெட்டை.'"

ரேடியோ நிமிர்ந்தாள். "பேரெல்லாம் எதுக்குடி? 'தப்பு நடந்தது'ன்னு போட்டா போதாதா?"

"தப்பு தானா நடக்கல. நான்தான் பண்ணினேன். பேரைப் போடு."

"ஆனா பொருளுக்காரங்க ரெண்டு பேரும் சம்மதம் சொன்னாதான் வரி செல்லும்" என்றான் கணக்குப்புலி.

"சம்மதம்!" பட்டாணி கத்திய கத்தலில் மேல் மாடியில் ஒரு கதவு திறந்து மூடியது.

எல்லோரும் வக்கீலைப் பார்த்தார்கள். அவன் பைனாகுலரின் வாரைச் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான்.

நெட்டை அவனை அவசரப்படுத்தவில்லை. பட்டாணி பக்கம் திரும்பினாள். "பட்டாணி, வக்கீல் வீட்டு ஜன்னல்ல இருந்து பார்த்தா ஒரு கூடு தெரியுது. மூணு முட்டை. உங்க வீட்டுல பைனாகுலர் இருக்கும், கூடு தெரியாது. அவன் வீட்டுல கூடு தெரியும், பைனாகுலர் இருக்காது. என்ன செய்யலாம்?"

பட்டாணிக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "நான் தினமும் எடுத்துட்டு மேல போறேன்! அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான். எனக்கும் பார்க்கணும்!"

"ஆறு மணிக்கு வருவியா?" என்று கேட்டான் வக்கீல்.

"அஞ்சரைக்கே வருவேன்."

"கத்தக் கூடாது."

"நான் கத்தவே மாட்டேனே!" என்று கத்தினாள் பட்டாணி.

வக்கீல் சிரித்துவிட்டான். பைனாகுலரை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினான். "பதினைஞ்சாம் வரிக்குச் சம்மதம். நான் சொன்னதும் ஒரு வாரம்தான்." பிறகு தன் நோட்டைத் திறந்து, மற்ற நால்வருக்கும் முன்னதாக எழுதத் தொடங்கினான். பட்டாணி காந்தப் பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

பதினாறாம் வரியும் அப்போதே எழுதப்பட்டது. பட்டாணி பைனாகுலர் கொண்டுவர வேண்டும், வக்கீல் ஜன்னல் தர வேண்டும், குஞ்சுகள் பறக்கும் வரை. "வெள்ளையா, கறுப்பா?" என்று நெட்டை கேட்டாள். இப்போது அவள் சொல்வதில்லை, கேட்பதோடு சரி. "வெள்ளை!" என்று நான்கு குரல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டாணியின் அப்பா வந்து இறங்கினார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என் பைனாகுலர் பத்திரமா?" என்றார். பட்டாணி கழுத்திலிருந்து கழற்றி நீட்டினாள். அவர் அதை மறுபடி அவள் கழுத்திலேயே மாட்டிவிட்டு, கூட்டின் கதையை முழுசாகக் கேட்டார். அன்று ஐந்தரை மணிக்கு அவரும் பின்னாலேயே மூன்று மாடி ஏறினார்.

செவ்வாய்க்கிழமை மாலை. ஜன்னலில் ஐந்து தலைகள் முட்டிக்கொண்டன. பைனாகுலர் கைமாறிக் கைமாறிப் போனது. ரேடியோவுக்குப் பேச்சே வரவில்லை. வக்கீலின் அப்பா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"மூணு குஞ்சு" என்றான் கணக்குப்புலி, மிக மெதுவாக. "மூணும் வாயைத் திறந்துட்டு இருக்கு."

"நோட்டுல எழுதணும்" என்றாள் பட்டாணி.

ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து எழுதினார்கள். 'பதினேழாம் வரி. குழாய் வளைவில் மூன்று குஞ்சுகள். ஐந்து பேரும் பார்த்தோம்.'

"வட்டம்?" என்று கேட்டாள் நெட்டை. "வெள்ளையா, கறுப்பா?"

வக்கீல்கூட முந்தைய வரிகளைப் புரட்டிப் பார்த்தான். யார் கொடுத்தது? யாருக்குத் திருப்பித் தருவது?

பட்டாணி பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். எதிரே தாய்ப் பறவை எதையோ கவ்விக்கொண்டு வந்து இறங்கியது.

"அது யாரோடதும் இல்ல" என்றாள். "வட்டமே வேண்டாம்."

"சம்மதம்" என்றான் வக்கீல்.

ஐந்து நோட்டிலும் அந்த ஒரு வரிக்கு மட்டும் வட்டம் கிடையாது.