மினுக்கம் இல்லாத வீடு

பரணிதரனின் முழங்கைக்கு மட்டும் தனியாக ஒரு ஜாதகம் கணித்தால் பன்னிரண்டு கட்டத்திலும் சனிதான் உட்கார்ந்திருப்பார். கல்யாணப் பந்தலில் குத்துவிளக்கைச் சாய்த்தது அந்த முழங்கைதான். மாமனார் மடியில் சுடச்சுட ரசத்தை இறக்கியதும் அதுதான். இன்றைக்கு அது, மேஜை விளிம்பில் திறந்து வைத்திருந்த மேட் பவுடர் டப்பாவைத் தட்டி, மோட்டார் கொட்டகைக் குழியில் தேங்கிக் கிடந்த மழைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. பவுடர் ஒரு நிமிஷம் பால் மாதிரி மிதந்தது. பிறகு அதுவும் இல்லை.

அந்தப் பவுடரைக் கலக்காமல் கிளியர் வார்னிஷை அடித்தால் மாடல் வீடு ஜவ்வு மிட்டாய் போல மினுங்கும். மினுங்கினால் போச்சு. ஊரில் கட்டப்போகும் புது வீட்டுக்கு மாடல் செய்யச் சொன்ன பஞ்சநதம் மஸ்கட்டிலிருந்து போனில் சொன்னது அந்த ஒன்றைத்தான். "மினுக்கம் கூடாதுங்க. அப்பாவுக்கு ப்ளானைக் காட்டினா புரியாது. நிஜ வீட்டையே தூக்கிட்டு வந்து வச்ச மாதிரி இருக்கணும். பழைய வீட்டை இடிக்க அவரு தலையாட்டிட்டா, உங்க விசா என் பொறுப்பு." மஸ்கட்டில் மாடல் செய்கிற கம்பெனி ஒன்றின் மேஸ்திரி அவருக்குத் தோஸ்து. கும்பகோணத்தில் அவன் மாடல் கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் அன்றிலிருந்து பரணியை "வாங்க மஸ்கட்டு" என்றுதான் கூப்பிடுகிறார். பரணி பெட்டிகூட வாங்கிவிட்டான்.

நாளைக் காலையில் பஞ்சநதம் திருச்சியில் வந்து இறங்குகிறார். பஸ்ஸில் கொண்டுவந்தால் பூச்சு உரியும் என்று கடைசிப் பூச்சை மட்டும் இங்கே, திருவையாற்றுக்கு வடக்கே இந்தக் கிராமத்தில், பஞ்சநதம் வீட்டை ஒட்டிய மோட்டார் கொட்டகையில் அடித்துக்கொள்ள ஏற்பாடு. ஐப்பசி மழை ஓட்டின் மேல் உமியைக் கொட்டுவதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. வேறு பவுடர் வேண்டுமென்றால் மெட்ராஸிலிருந்து வரவேண்டும்.

அப்போதுதான் மேலே பார்த்தான். கூரை வளையிலிருந்து கயிறு கட்டித் தொங்கியது ஒரு வெளிநாட்டுப் பால்பவுடர் டப்பா. வாயில் வெள்ளைத் துணி. இறக்கி அவிழ்த்தான். சாம்பல். சாணியில் சுட்ட வீட்டுத் திருநீறு, எலிக்குப் பயந்து தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். சாம்பலைச் சலித்துக் கலந்தால் மினுக்கம் செத்துவிடும் என்று பெயின்ட் தொழிலில் யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. சாமி பொருளை வார்னிஷில் கலப்பதற்குப் பிராயச்சித்தமாக நெற்றியில் மூன்று விரலால் பட்டையாக இழுத்துக்கொண்டு, ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக்கொண்டான். கொஞ்சம் உப்புக் கரித்தது. ஏதோ ஒன்று கடைவாய்ப் பல்லில் நறுக்கென்றது.

வேட்டி முனையில் சலித்தான். துணியில் தங்கிய கட்டிகள் லேசாக, துளைத்துளையாக இருந்தன. தின்னர் பாட்டிலின் அடியால் நசுக்கி அவற்றையும் சேர்த்துக்கொண்டான். வீணாக்கக் கூடாது என்பது அம்மா வளர்ப்பு. சந்தன நிறத்தில் தூண் வைத்த போர்டிகோவும், இரண்டு மாடியும், கட்டைவிரல் உயரத்தில் வாசலில் நிற்கும் பொம்மை மனிதர்களுமாக இருந்த வீட்டின் மேல் ஸ்ப்ரே கன் சீறியது. பனி போல இறங்கியது பூச்சு. பாதியை அவன் மூக்கு வாங்கிக்கொண்டது.

சத்தியமாக, அவன் வாழ்நாளில் அடித்ததிலேயே அருமையான மேட் அதுதான்.

அந்தச் சமயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ காறினார்கள்.

அவசரமில்லாத காறல். நெஞ்சின் அடியில் பிடித்து, மெல்லத் திரட்டி, தொண்டைக்குக் கொண்டுவந்து, அங்கேயே உருட்டிக்கொண்டிருக்கிற சத்தம். துப்புவார், துப்புவார் என்று பரணி காத்திருந்தான். துப்பவில்லை. அவன் தன் எச்சிலை விழுங்கிக்கொண்டான்.

பஞ்சநதத்தின் அப்பா, அந்தப் பெரியவர், அடுத்த அறையில் படுத்திருக்கிறார் போலும். கொட்டகை மூலையில் ஒரு கயிற்றுக் கட்டிலைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் காலடியில் எச்சில் துப்ப மணல் போட்டு வைத்த எவர்சில்வர் படிக்கம் ஒன்று, விளிம்பில் ஏதோ காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. புதுசு வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பஞ்சநதத்தின் மனைவி குந்தவை குடை பிடித்துக்கொண்டு டீ கொண்டுவந்தாள். வாசல்படியைத் தாண்டவில்லை.

"பெரியவருக்குச் சளி ஜாஸ்தியோம்மா?"

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு மூலையைப் பார்த்தாள். "டீ ஆறிடப் போவுது, குடிங்கண்ணே."

"மாடலை ஒரு எட்டு அவருகிட்ட காட்டிட்டு வந்துரட்டுமா?"

"அவங்க வந்துரட்டும்ணே. எதுவா இருந்தாலும் அவங்க வந்து பாத்துக்கட்டும்." குடையைத் திருப்பியவள் நின்றாள். "நெத்தியில என்னண்ணே? காலையில இல்லையே. கோயிலுக்கா போனீங்க, இந்த மழையில?"

"நான் எங்கம்மா போறது? சாமி கொட்டகைக்கே வந்துட்டாரு."

அவள் சிரிக்கவில்லை. நகைச்சுவை எடுபடாமல் போவது பரணிக்குப் பழக்கம்தான். ஆனால் இவள் பயந்தவள் மாதிரி போனாள்.

டீயில் சாம்பல் வாசம் அடித்தது. அவன் வாய்தான் அப்படி இருந்திருக்க வேண்டும்.

பொழுது சாய்ந்து கரண்ட் போனது. சிம்னி விளக்கை ஏற்றிப் பூச்சு காய்ந்துவிட்டதா என்று சுட்டுவிரலால் தொட்டுப் பார்த்தான். காயவில்லை. மழை ஈரத்தில் வார்னிஷ் பூத்துப்போவது உண்டு, வெளுத்துப்போவது உண்டு. இது அப்படி இல்லை. பிசுபிசுத்தது. விரலை எடுத்தபோது சுவர் கொஞ்சம் கூடவே வந்து, விட்டுவிட்டு உள்வாங்கியது. விரல் நுனியில் எண்ணெய். முகர்ந்தான், முகர்ந்திருக்கக் கூடாது. நாள்பட்ட தலையணை உறையின் வாசனை, வெற்றிலைச் சாறு, தைலம், அவற்றுக்கெல்லாம் அடியில் படுக்கையிலேயே கிடந்து புண்ணான முதுகின் வாசனை.

பஞ்சில் தின்னர் தொட்டுத் துடைத்தான். பஞ்சு மஞ்சளாக வந்தது. மறுபடி துடைத்தான். மறுபடி மஞ்சள். விளக்கைக் கிட்டே கொண்டுபோனான். சந்தன நிறச் சுவர் முழுக்கப் பொடிப்பொடியாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு வியர்வை. ஜன்னலுக்குக் கீழே மிளகு அளவில் ஒரு மறு. அதை அவன் செய்யவில்லை. போர்டிகோ விளிம்பு நெடுக, நாலு நாள் சவரம் செய்யாத கன்னம் போல, முள்ளாய் வெள்ளை முடி. வாசலில் நின்ற பொம்மை மனிதர்கள் முட்டிவரை அதில் புதைந்திருந்தார்கள்.

கதவிடுக்கில் ஈரக்காற்று வந்தது.

வீட்டுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பரணி எழுந்து பின்னால் போனான். முதுகு சுவரில் இடித்தது. பெரியவரின் அறைச் சுவர். அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே அப்போது அவனுக்குப் பெரிய ஆறுதல். காதை வைத்துக் கேட்டான். ஒன்றுமில்லை. மூச்சுக்கூட இல்லை.

காறல் கேட்டது.

எதிரே. மேஜை மேல். கட்டைவிரல் உயரக் கதவுக்கு உள்ளே.

திரட்டியது. உருட்டியது. துப்பவில்லை. கதவின் அடியில் கோழையாக ஒரு நூல் இறங்கி மேஜையில் தொங்கியது.

"அம்மா" என்று கூப்பிட்டான். மஸ்கட் போகவேண்டியவனின் குரல் அல்ல அது.

குந்தவை வரவில்லை. அரிக்கேன் விளக்கோடு வந்தது அவள் மாமியார் அமிர்தம். அவன் வந்ததிலிருந்து அந்த அம்மாள் வெளியே தலைகாட்டியதில்லை. ஏன் என்பது இப்போது தெரிந்தது. நெற்றி மூளியாக இருந்தது. கழுத்தும்.

அவள் வளையைப் பார்த்தாள். வெறும் கயிற்றைப் பார்த்தாள். மேஜை மேல் காலி டப்பாவை, வேட்டி முனையை, அவன் நெற்றியைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம்... பெரியவருதானம்மா இருக்காரு?" என்றான் பரணி. "சும்மா சொல்லுங்கம்மா. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

"அந்தப் பக்கம் நெல்லு மூட்டைதான் தம்பி கிடக்கு." அவள் குரலில் கோபமே இல்லை. "அவரு ஆவணியிலயே போயிட்டாரு. வேலையைப் போட்டுட்டு ஓடியாந்துருவான்னு புள்ளைக்கு இன்னும் சொல்லல. அவன் கையால காவேரியில கரைக்கணும், வீட்டுக்குள்ளயும் வைக்கக் கூடாதுன்னு, அந்த டப்பாவுலதான் அவரைப் போட்டு இங்க தொங்கவிட்டிருந்தோம்."

மழை நின்றிருந்தது போலும். அவ்வளவு துல்லியமாகக் கேட்டது.

அவள் மாடல் அருகே போனாள். அருவருப்பில்லாமல், பல வருஷப் பழக்கத்தில், முந்தானையால் சுவரின் வியர்வையை ஒற்றி எடுத்தாள். மறுவின் மேல் துணி பட்டபோது மட்டும் கை நின்றது. சுவர் அவள் கைப்பக்கம் சற்றே சாய்ந்தது.

பரணிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றிருந்தது. வாயைத் திறந்தான். நெற்றியில் பட்டை இட்ட இடம் அரித்தது. கையை வைத்தான். முள் முள்ளாகக் குத்தியது. கடைவாயில் அப்போது நறுக்கென்றது இன்னும் அங்கேயே கிடந்தது, இப்போது இளஞ்சூடாக. நெஞ்சின் அடியில் ஏதோ பிடித்தது. மெல்லத் திரண்டது. தொண்டைக்கு வந்தது. உருண்டது.

அந்தச் சத்தத்துக்கு அமிர்தம் மாடலை விட்டுத் திரும்பினாள். அவன் முகத்தையே பார்த்தாள். விளக்கைக் கீழே வைத்துவிட்டு மூலைக்குப் போய்ப் படிக்கத்தை எடுத்துவந்தாள்.

"இருங்க, இருங்க. மேல துப்பிக்காதீங்க" என்று அவன் பிடரியைத் தாங்கி, தாடைக்குக் கீழே அதைப் பிடித்தாள்.