உள்ளிருந்து கேட்ட கைதட்டல்

ரெனானும் இசாயாஸும் வந்து சேர்ந்தபோது ஊரே மதியத் தூக்கத்தில் கிடந்தது. செம்மண் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மாமரங்களின் அடியில் உதிர்ந்த பழங்கள் வெயிலில் புளித்து நாறின. பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்த இருவருக்கும் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கழுத்தில் டை வேறு. ஊழியக்காரன் டை கட்டாமல் தெருவில் இறங்கக் கூடாது என்பது பாஸ்டர் ஒலாசாபலின் உத்தரவு. அவருக்கென்ன, தலைநகர் அசுன்சியோனில் ஏசி அறையில் உட்கார்ந்து எதையும் சொல்வார். அவரை நினைத்தாலே ரெனானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் தங்க வேண்டியது சபைக்குச் சொந்தமான பழைய வீடு. சாவி எதிர்வீட்டு பிளாசிதாவிடம் இருந்தது. பராகுவேயில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். கம்பிக் கேட்டுக்கு வெளியே நின்று கைதட்ட வேண்டும். ரெனான் கைதட்டினான். ஜன்னல் திரை அசைந்ததே தவிர யாரும் வரவில்லை.

"வீட்டுல ஆள் இல்லையாம். திரை மட்டும் தானா மூச்சு விடுதாம்," என்றான் ரெனான்.

"விடுறா. டை கட்டி பைபிளோட ரெண்டு பேர் வந்து நின்னா நான்கூடத்தான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்குவேன்," என்று இசாயாஸ் சிரித்தான். பெருவிலிருந்து ஊழியத்துக்கு வந்த பத்தொன்பது வயதுப் பையன். வசவுக்கும் சிரிப்பான், வெயிலுக்கும் சிரிப்பான். ஹோண்டுராஸ்காரனான ரெனானுக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே நிம்மதி அவன்தான்.

ரெனான் விடாமல் கைதட்டியதில் கடைசியில் பிளாசிதா வந்தாள். ஐம்பது வயதுக்காரி. சாவியைக் கம்பி இடுக்கு வழியாக நீட்டிவிட்டு, அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்குள் புழுக்கம். அதோடு காய்ச்சல்காரன் படுத்து எழுந்த படுக்கையின் புளித்த வியர்வை நாற்றம். ரெனான் ஜன்னல்களைத் திறந்துவிட்டான். நாற்றம் போகவில்லை.

டப். டப். டப்.

"அதுக்குள்ள விருந்தாளியா?" என்று இசாயாஸ் வாசலுக்குப் போனான். கேட்டில் யாரும் இல்லை.

டப். டப். டப்.

சத்தம் தெருவிலிருந்து வரவில்லை. பூட்டியிருந்த பின்னறைக்குள்ளிருந்து வந்தது.

ரெனான் சாவிக்கொத்தில் இருந்த இன்னொரு சாவியால் பூட்டைத் திறந்து பார்த்தான். வெறும் கட்டில். புளித்த நாற்றம் மட்டும் முகத்தில் அறைந்தது.

மறுநாள் பிளாசிதா அவித்த மரவள்ளியும் இறைச்சியும் கொண்டுவந்தாள். ரெனான் சுற்றி வளைக்கவில்லை.

"அந்த ரூம்ல யாரும்மா இருந்தா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஃபெர்மின். உங்கள மாதிரி ஊழியத்துக்கு வந்த பையன்தான். வயித்துவலி வந்துச்சு. பாஸ்டர் சொல்லாம ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதாமே? கூட இருந்த பையன் கடையில போய் போன்ல கெஞ்சியிருக்கான். ஜெபம் பண்ணு, சாயங்காலம் பார்க்கலாம்னு அந்தப் பெரிய மனுஷன் சொன்னாராம். அதுக்குள்ள ஃபெர்மின் வயித்தைப் பிடிச்சுக்கிட்டே ஒவ்வொரு கேட்டா நின்னு கைதட்டியிருக்கான்."

"யாரும் வரலையா?"

"தூங்குற நேரம். தெரு முழுக்கக் கேட்டுச்சு. பைபிள் பசங்கதான்னு நெனச்சு, வீட்டுல ஆள் இல்லாத மாதிரி எல்லாரும் மூச்சை அடக்கிக்கிட்டுக் கெடந்தோம். வெளிய வந்து பார்த்தப்ப என் கேட்டுக் கம்பியைப் பிடிச்சபடி செத்துக் கெடந்தான்." அவள் முந்திக்கொண்டு வந்த கண்ணீரைத் துடைத்தாள். "உங்க பாஸ்டர் வந்தார். கர்த்தர் பிள்ளையைக் கூப்பிட்டுக்கிட்டார்னு பிரசங்கம் பண்ணிட்டு, சாப்பிட்டுட்டுப் போனார்."

ரெனான் தட்டை நகர்த்தி வைத்தான். தெருவின் மேல் கோபம், அந்த மனிதர் மேல் அதைவிடப் பெரிய கோபம்.

அந்த வாரமே இசாயாஸ் சாப்பிடுவதை நிறுத்தினான். தொப்புளைச் சுற்றி வலி என்றான். பிறகு வலது பக்கம் கீழே என்றான். பிறகு எதுவும் சொல்லாமல் சுருண்டு கிடந்தான். சிரிப்பு நின்றுபோயிருந்தது.

ரெனான் தன் செல்போனில் பாஸ்டரைக் கூப்பிட்டான்.

"இஞ்சித் தண்ணி குடு தம்பி," என்றார் ஒலாசாபல். "வந்ததுல இருந்து ஒரு வீட்டுக்குள்ளகூட நீங்க நுழையலயாமே? சோம்பேறிக்குத்தான் வயித்துவலி வரும்."

"ஐயா, உடம்பு நெருப்பா கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நான் சொல்லாம வாசப்படி தாண்டக் கூடாது. தாண்டினா ரெண்டு பேரும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் கொஞ்சம் படுத்து எழுந்து பேசுறேன்."

போனை வைத்துவிட்டார். மீண்டும் அடித்தான். எடுக்கவில்லை. தூங்குகிறாராம்.

பின்னறையில் கைதட்டல் தொடங்கியது. இந்த முறை மெதுவாக இல்லை.

"போறேன்டா, போறேன்!" என்று கத்திவிட்டு ரெனான் தெருவில் பாய்ந்தான். அந்தத் தெருவில் அபுந்தியோ என்ற ஒருவனிடம் வண்டி இருக்கிறது என்று தெரியும், வீடு எதுவென்று தெரியாது. முதல் கேட்டில் கைதட்டினான். இரண்டாவதில் தட்டினான். பிளாசிதாவின் கேட்டிலும் தட்டினான்.

திரைகள் அசைந்தன.

"டேய்! பையன் சாகுறான்டா! உங்களுக்கெல்லாம் காது இல்லையா?"

ஒரு கதவும் திறக்கவில்லை. உள்ளங்கை சிவந்து எரிந்தது. தெரு நடுவே நின்று கைகளைத் தொங்கவிட்டான்.

கைதட்டல் நிற்கவில்லை.

அவன் பக்கத்திலிருந்து வந்தது. கைக்கெட்டும் தூரம். புளித்த வியர்வை நாற்றம்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தம் அவனைத் தாண்டி நகர்ந்தது. கேட்டைத் தாண்டியது. சுவரைத் தாண்டி, முதல் வீட்டுக்குள் கேட்டது.

உள்ளே ஒரு பெண் அலறினாள்.

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. படுக்கையறை படுக்கையறையாக அந்தக் கைதட்டல் ஓடியது. இத்தனை காலம் அடக்கி வைத்த ஆத்திரம் முழுவதும் அதில் இருந்தது. கதவுகள் படார் படாரென்று திறந்தன. ஒரு தடித்த ஆள் அரைக்கால் சட்டையோடு ஓடிவந்தான்.

"எவன்டா என் தலைமாட்டுல நின்னு கைதட்டுறது?"

"யோவ் அபுந்தியோ, அது ஃபெர்மின்யா!" என்று வாசலிலிருந்து பிளாசிதா வீறிட்டாள். "இன்னுமா நிக்கிற? வண்டியை எடு!"

பத்துப் பேர் சேர்ந்து இசாயாஸைத் தூக்கினார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாக டாக்டர் சொன்னார். அறுவை முடிந்து, இசாயாஸ் பிழைத்துக்கொண்டான். கண் திறந்ததும் ரெனானின் விரலைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூங்கிப் போனான்.

செய்தி கேட்டு, பொழுது சாயும் நேரத்தில் ஒலாசாபல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தானே கார் ஓட்டிக்கொண்டு, தனியாக வந்திருந்தார். வேகமாக நடந்து வந்து ரெனானை மறித்தார்.

"யாரைக் கேட்டு இங்க கூட்டிட்டு வந்த?"

"ஃபெர்மினை யாரைக் கேட்டு சாகவிட்டீங்க?"

வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முகத்தின் முன்னால் இனி ஒருபோதும் தலைகுனியப் போவதில்லை என்று ரெனானுக்குத் தெரிந்தது.

"வாயை அடக்கு. அவனைக் கர்த்தர்..."

"சாமியை ஏன் இழுக்கிறீங்க? கொன்னது நீங்க."

அப்போது வெளியிலிருந்து நர்ஸ் ஒருத்தி உள்ளே வந்தாள். ஒலாசாபலைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"அந்த வெள்ளைக் கார் உங்களுதா? பின் சீட்டுல இருக்கிற பையனை ஏன் உள்ள கூட்டிட்டு வரல? வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வேர்த்து ஊத்துது பாவம். இறங்கச் சொன்னா, நீங்க சொல்லாம இறங்கக் கூடாதுங்கிறான்."

ஒலாசாபல் வாசல் பக்கம் பார்த்தார். மெல்ல நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். கார் சாவியைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"அசுன்சியோனுக்குக் கடைசி பஸ் எப்போ?" என்று கேட்டார்.

"போயிடுச்சு," என்றாள் நர்ஸ்.

ரெனான் ஜன்னல் வழியாகப் பார்த்தான். காலி மைதானத்தில் கார் தனியாக நின்றது. பின் சீட்டில் யாரும் தெரியவில்லை. கண்ணாடி மட்டும் உள்பக்கம் மூச்சுக்காற்றில் மங்கியிருந்தது.

"போங்க ஐயா," என்றான் ரெனான். "பையன் காத்துக்கிட்டிருக்கான்."

கார் லேசாகக் குலுங்கியது. உள்ளே யாரோ பின்னாலிருந்து முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார்கள்.