பூநாரை வந்ததா?

“எங்க எழுதிக்கீது? காட்டு!”

“எழுதல. ஆனா அந்தப் பையன்...”

“எழுதலன்னா இல்ல. அவ்ளோதான்!”

“...ஏங்கறான்! அண்ணனை நெனச்சு ஏங்கறான்!”

“பூட்ஸுக்குப் பாலிஷ் போடறான்னுதான் போட்டுக்கீது. ஏங்கறேன்னு உன் காதுல வந்து சொன்னானா?”

எட்டாம் வகுப்பே திரும்பிப் பார்த்தது. சண்டை செண்பகத்துக்கும் முனிகிருஷ்ணனுக்கும். காரணம், ஆங்கிலப் பாடத்தில் வருகிற ஒரு ஜோடி பூட்ஸ்.

அந்தப் பாடத்தில் ஒரு சிறுவன். அவனுடைய அண்ணன் கப்பல் வேலைக்குப் போய்விடுகிறான். தம்பி தினமும் சாயங்காலம் அண்ணன் விட்டுப்போன பூட்ஸை எடுத்துப் பாலிஷ் போட்டு, வாசலில் வைக்கிறான். பாடம் அதோடு முடிந்துவிடுகிறது.

ரோசம்மாள் டீச்சர் மேசையைத் தட்டினார். மாதத் தேர்வு வருகிறதென்று அன்று பழைய பாடங்களையெல்லாம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“முனிகிருஷ்ணா, சிமிலிக்கு, அதான் உவமைக்கு, ஒண்ணு சொல்லு.”

“செண்பகம் ரயில் மாதிரி கத்தறா, டீச்சர்.”

“மெட்டஃபர்? உருவகம்?”

“செண்பகமே ஒரு ரயிலு, டீச்சர்.”

வகுப்பு சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டும் சரி. சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் போனா ரயில்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்க. இப்ப இன்ஃபரன்ஸ். எழுதாததை எப்படிப் படிக்கிறது? யாரும் போடாத பூட்ஸுக்கு எதுக்குப் பாலிஷ்? கதையில எது பொருந்தாம நிக்குதோ, அங்க நாமளும் கொஞ்சம் நின்னு பாக்கணும்.”

“அவனுக்கு வேற வேலை இல்ல. அதான் பாலிஷ் போடறான்” என்று முனிகிருஷ்ணன் முனகினான்.

அன்று சாயங்காலம் செண்பகம் வீட்டுக்கு வந்தபோது கதவு இடுக்கில் ஒரு போஸ்ட் கார்டு செருகியிருந்தது. கனகாம்பாள் அக்காவின் கையெழுத்து. அக்காவைப் பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்து இரண்டாவது வருஷம் நடக்கிறது.

வெளியே சைக்கிள் மணி கேட்டது. நைனா கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்துவிட்டார். ஸ்டாண்டு போடுவதற்கு முன்னாலேயே, தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“போஸ்ட்மேன் வந்தானா?”

“வந்தாரு நைனா! அக்கா கார்டு!”

“படி, படி. அங்காளம்மா! அடுப்பை அப்புறம் பாத்துக்கலாம், வா இங்க.”

செண்பகம் சத்தமாகப் படித்தாள்.

‘அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும் கனகா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏரியில் பூநாரை வந்ததா?’

நைனா தொடையைத் தட்டிச் சிரித்தார். “ஆனி மாசத்துல பூநாரையா? கார்த்திகை பொறந்தாதானே வரும்! ஏரிக்கரையில பொறந்த பொண்ணு, அதுக்குள்ள மறந்துட்டுச்சு பாரு!”

அம்மா சிரிக்கவில்லை. “ஆடி பொறக்கப் போவுது. போய் இட்டாந்துடலாமா?”

“போன ஆடிக்கு இட்டாந்தோம். புதுப் பொண்ணு, முறை. இப்பதான் ஒரு குறையும் இல்லன்னு அவளே எழுதிக்கீறாளே? பள்ளிப்பட்டு போய் வர்றதுக்கு ரெண்டு நாள் லீவு போடணும். மேஸ்திரி குதிப்பான். வரணும்னு ஆசை இருந்தா ஒரு வரி எழுத மாட்டாளா?”

அம்மா அடுப்புப் பக்கம் போனாள். அந்தப் பக்கத்து ஊர்களில் கட்டிக்கொடுத்த பெண் தானாக மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்க மாட்டாள். பிறந்த வீட்டிலிருந்து யாராவது போய் அழைத்துவர வேண்டும்.

செண்பகம் கார்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்காவா மறப்பாள்? ஒவ்வொரு கார்த்திகையிலும் பூநாரையை முதலில் பார்ப்பதே அவள்தானே! செண்பகத்தைத் தரதரவென்று கரைக்கு இழுத்துக்கொண்டு ஓடுவாள். “எண்ணுடி, எண்ணுடி” என்பாள். நாற்பது வரைக்கும் எண்ணுவதற்குள் பறவைகள் இடம் மாறிவிடும். இரண்டு பேரும் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அந்த அக்கா ஆனி மாதத்தில் பூநாரையைக் கேட்கிறாள். பொருந்தவே இல்லை.

செண்பகம் சுவரில் தொங்கிய கம்பியிலிருந்து பழைய கார்டுகளைக் கழற்றினாள். சித்திரை மாதக் கார்டிலும் கடைசி வரி, ‘பூநாரை வந்ததா?’ தை மாதக் கார்டிலும் அதே. ‘ஏரி முழுக்க வந்திருக்கிறது’ என்று அதற்குச் செண்பகமே பதில் எழுதியிருந்தாள். அப்படியும் மாசியில், ‘பூநாரை வந்ததா?’

நான்கு கார்டுகளையும் எடுத்துக்கொண்டாள். நேராக நைனாவிடம் போனாள்.

“நைனா, அக்கா நம்ம ஊட்டுக்கு வரணும்னு ஏங்குது.”

“எங்க எழுதிக்கீது? காட்டு.”

முனிகிருஷ்ணனே மீசை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

“எழுதல நைனா. எப்படி எழுதும்? இது கார்டு. போஸ்ட்மேன் படிப்பாரு, மாமியார் ஊட்ல எல்லாரும் படிப்பாங்க. அதான் பூநாரையைக் கேக்குது. நாலு கார்டுலயும் அதையேதான் கேக்குது, பாரு.”

“தோ பாரு, புஸ்தகத்துல படிச்சதையெல்லாம் ஊட்ல வந்து...”

“சரி, நான் ஒண்ணு கேக்கட்டா? தெனமும் வந்ததும் போஸ்ட்மேன் வந்தானான்னு கேக்கறியே, ஏன்? அந்தப் போஸ்ட்மேனைப் பாக்கணும்னு உனக்கு அவ்ளோ ஆசையா?”

அடுப்புப் பக்கம் அம்மா கரண்டியை வைக்கிற சத்தம் கேட்டது.

நைனா கையை நீட்டினார். நான்கு கார்டுகளையும் வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்தக் கடைசி வரிகளை விரலால் தடவிப் பார்த்தார்.

“அங்காளம்மா, என் வெள்ளைச் சட்டை எங்க?” என்றார். “மேஸ்திரி குதிச்சா குதிக்கட்டும்.”

ஆடி இரண்டாம் நாள் நைனாவோடு கனகாம்பாள் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. பையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு நேராக ஏரிக்கரைக்குப் போனாள். ஏரியில் ஒரு பறவைகூட இல்லை. அவள் வெறும் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எண்ணட்டுமா அக்கா?” என்றாள் செண்பகம்.

கனகாம்பாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

மாதத் தேர்வில் பூட்ஸ் கேள்வி வந்தது. செண்பகத்துக்கு முழு மதிப்பெண். முனிகிருஷ்ணன், ‘சிறுவனுக்கு வேறு வேலை இல்லை’ என்றே எழுதிவைத்து முட்டை வாங்கினான்.

ஆடி எப்படித்தான் ஓடியதோ, ஆவணி பிறந்ததும் அக்கா வீட்டுக்காரர் வந்து அழைத்தார். கனகாம்பாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்மா ஜன்னல் வழியாக அவள் தலையில் பூ வைத்துவிட்டாள். நைனா சைக்கிள் செயினைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

பஸ் கிளம்பியது. செண்பகம் கூடவே ஓடினாள்.

“அக்கா! எந்த மாசமா இருந்தாலும் பரவால்ல, பூநாரை வந்துச்சான்னு எழுது!”