கதிரேசனின் கடைசி வேலை நாள்

வியாழக்கிழமை காலை ஜோவிதா புது புராஜெக்டில் சேர்ந்தாள். எட்டு வருஷமாக வருகிற அதே கம்பெனி பஸ்ஸில்தான் கிழக்குத் தாம்பரத்திலிருந்து வந்து இறங்கினாள். வளாகமும் அதேதான். மாடி மட்டும் மாறியிருந்தது. ஐந்தாவது மாடியின் ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கரணைச் சதுப்பு, கோரையும் கலங்கல் தண்ணீருமாகப் பரந்து கிடந்தது.

மேனேஜர் ஆஸ்டின் நின்றபடியே பேசினார்.

"கதிரேசன் போயிட்டாரு, ஜோவிதா. அவரோட மாட்யூல் இனிமே உங்களோடது. கே.டி. எல்லாம் காலண்டர்ல இருக்கும், பாத்துக்கோங்க."

போய்விட்டார் என்றால் வேலையை விட்டுவிட்டார் என்றுதான் அந்த வளாகத்தில் அர்த்தம். மாதம் நாலு பேராவது போவார்கள். போகிறவர் தன் வேலையை இருப்பவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதற்குப் பெயர்தான் கே.டி. ஜோவிதா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

காலண்டரில் இருந்தது. தினமும் மூன்று மணிக்கு, மூலையிலிருக்கும் சின்ன மீட்டிங் ரூமில், பன்னிரண்டு நாள். அழைத்தவர் கதிரேசன்.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் முகம் இல்லை, பெயர் மட்டும் இருந்தது.

"ஜோவிதாவா? வாங்க. நான் பேசறது கேக்குதா?"

தணிந்த, அவசரமில்லாத குரல். அதற்குப் பின்னால் மழை கொட்டுகிற சத்தம். வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. மனிதர் வேறு ஏதோ ஊரிலிருந்து பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இவ்வளவு பொறுமையாக அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. புரோகிராமில் எந்த வரியைத் தொட்டால் எங்கே உடையும், எந்தப் பிழையை எல்லோரும் தெரிந்தே விட்டு வைத்திருக்கிறார்கள் என்பது வரை சொன்னார். அந்த அறைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. சாத்திய கதவுக்குள் சேற்று வாடை அடித்தது. எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்க்காமலே ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத்தை ஓட்டினாள்.

ஏழாவது நாள், வகுப்பு முடிகிற நேரத்தில், தளத்தைத் துடைக்கிற ஞானம்மாள் வாளியோடு உள்ளே வந்தாள்.

"கொஞ்சம் காலைத் தூக்கு மேடம். இன்னா ரூமோ இது. தெனம் இந்தச் சேருக்கு அடியில மட்டும் தண்ணி கீது."

எதிர் நாற்காலிக்கு அடியில் கறுப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் ஒரு கோரைத் துண்டு மிதந்தது.

"ஏசி ஒழுகுதாக்கா?"

"ஏசி அந்தாண்ட கீது. இது கதிரேசன் சார் குந்தற சேரு. நல்ல மனுஷன், பாவம். ஐப்பசி மழையில வண்டியோட சதுப்புல வுழுந்து செத்துப் பூட்டாரு. அதுலேர்ந்து இப்டித்தான்."

ஹெட்செட் ஜோவிதாவின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"அவங்க போகட்டும்," என்றது அதற்குள்ளிருந்து குரல்.

ஞானம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஜோவிதா ஓடுவதற்கு எழுந்தாள்.

"பயப்படாதீங்க. இன்னும் அஞ்சு கிளாஸ்தான்."

"சார்... நீங்க..."

"தெரியும்மா." மழை வலுத்தது. "ரிசைன் பண்ணேன். கே.டி. எடுத்துக்க ஆள் இல்லைன்னு மூணு தடவை லாஸ்ட் வொர்க்கிங் டேயைத் தள்ளிட்டாங்க. அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. எழுந்திரிச்சா இந்தக் கதவு வரைக்கும்தான் போக முடியுது. நீங்க கத்துக்கிட்டீங்கன்னா என்னை விட்டுடுவாங்க, இல்ல?"

அவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சனிக்கிழமை இரும்புலியூரில் அவர் வீட்டைத் தேடிப் போனாள். கதிரேசனின் மனைவி தீபா தண்ணீர் கொடுத்தாள். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"பதினாறாம் நாள்லேர்ந்து தெனம் சாதம் வெக்கிறேன், சிஸ்டர். காக்கா மதில்ல வந்து உக்காருது. தொட மாட்டேங்குது. ஆஃபீஸ்ல ஏதாவது வேலை முடிக்காம வெச்சிருந்தாரா?"

"முடிச்சிடுவோம்," என்றாள் ஜோவிதா.

மீதி ஐந்து நாளும் போனாள். ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள், முழுவதும் கற்றுக்கொண்டேன் என்று படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, நேரே ஆஸ்டினின் அறைக்குப் போனாள்.

"சார், அவரை சிஸ்டம்ல குளோஸ் பண்ணிடுங்க. இன்னும் நோட்டீஸ் பீரியட்னே காட்டுது."

ஆஸ்டின் குரலைத் தாழ்த்தினார். "குளோஸ் பண்ணா அந்த சீட்டுக்குத் தர்ற பணத்தைக் கிளையன்ட் நிறுத்திடுவான். டீம்ல ஒரு ஆள் போயிடும். மார்ச் வரைக்கும் பேர் மட்டும் இருக்கட்டுமே. இதனால யாருக்கு என்ன கஷ்டம்?"

"அவருக்கு, சார்."

ஆஸ்டின் சிரிக்கவில்லை.

"எனக்கும்தான் அவர் குரல் கேக்குது, ஜோவிதா. மேலேர்ந்து சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதிரேசனின் கடைசி வேலை நாளை மார்ச் முப்பத்தொன்றுக்குத் தள்ளி வைத்தார்.

மூலை அறையில் ஒரு ஆண் அழத் தொடங்கினான்.

பட்டப்பகல். ஐம்பது பேர் உட்கார்ந்திருந்த தளம். ஒரு தலைகூட நிமிரவில்லை. நாலைந்து பேர் மட்டும் ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் போனவள் திரும்பி வரவில்லை. நோட்டீஸ் கொடுத்தால் மூன்று மாதம் அந்தத் தளத்தில் உட்கார வேண்டும். கொடுக்காமல் போனால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. எட்டு வருஷ அனுபவத்தை அடுத்த கம்பெனி மதிக்காது. அவள் நோட்டீஸ் கொடுக்காமலே லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பி வைத்தாள்.

பதினைந்து நாள் கழித்து, மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"ஜோவிதா அக்கா, விக்கி பேசறேன். உங்க மாட்யூலை இப்போ என்கிட்ட குடுத்திருக்காங்க. நேத்து நீங்க சொன்னதுல ஒரு டவுட்."

"நேத்து நான் எதுவும் சொல்லலையே. யாருப்பா நீ? நான் வேலையை விட்டே பதினஞ்சு நாளாச்சு."

பையன் சிரித்தான். "விளையாடாதீங்கக்கா. தெனம் நீங்கதானே கிளாஸ் எடுக்கறீங்க. சிஸ்டம்லயும் உங்க பேர் இன்னும் குளோஸ் ஆகலையே."

அவள் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவும் என் லேப்டாப்ல நீங்க பேசிட்டுதானே இருக்கீங்க?" விக்கியின் குரலில் சிரிப்பு குறைந்திருந்தது. "அப்ப இது யாரு?"

அவன் போனை லேப்டாப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அங்கே ஒரு பெண் பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஜோவிதாவின் குரல். பேச்சை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோல் அது கேட்டது:

"அடுத்ததை நீங்க சொல்றீங்களா கதிரேசன் சார், நானே சொல்லட்டுமா?"