கறுப்புக் கல்

மேல்மாடி வீடு காலியாகிவிட்டது. பட்டாணியின் உயிர்த்தோழி நெட்டை குடும்பத்தோடு வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

அவர்களுடைய கடல்மீன் தொட்டியைப் பட்டாணியின் அப்பா வாங்கிக்கொண்டார். கூடவே பழைய சாமான்கள் ஒரு பெட்டி நிறைய, ஒரு வாளியில் தொட்டியின் பழைய தண்ணீரோடு கற்கள், இன்னொரு வாளியில் இரண்டு மீன்கள். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. தீனி போட்டால் பாய்ந்து வருவது அவசரம். அது தின்றதுபோக மிச்சத்தைத் தின்பது நிதானம். பேர் வைத்தவள் நெட்டை.

"ரெண்டையும் பாத்துக்கோடி," என்றாள் அவள், வண்டியில் ஏறும்போது.

"கண்ணு மாதிரி பாத்துக்கறேன்," என்றாள் பட்டாணி.

வண்டி தெருமுனை திரும்பியதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது.

அப்பா சலவைக்கடை வைத்திருப்பவர். அழுக்கைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தெருவில் போகிறவர் சட்டையில் கறை இருந்தால்கூடக் கை பரபரக்கும். பெட்டியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இம்புட்டையும் எங்க வைக்கறது? வேணுங்கறது இந்தப் பக்கம், வேணாங்கறது அந்தப் பக்கம்."

விளக்கு வேண்டும். தண்ணீரைச் சூடாக்கும் கம்பி வேண்டும். அலை கிளப்பும் மோட்டார் வேண்டும். தண்ணீரை வடிகட்டும் அழுக்கேறிய பஞ்சு வேண்டாம். கடகடவென்று சத்தம் போடும் குட்டிக் காற்று மோட்டார் வேண்டவே வேண்டாம்.

"கல்லு? ஐயய்யே, ஒரே பாசி! இதை ஒரு வெளு வெளுத்தாத்தான் தொட்டிக்குள்ள விடுவேன்."

கற்களைக் கடைக்குத் தூக்கிப்போய், கொதிக்கும் தண்ணீரில் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். எல்லாம் முட்டை மாதிரி வெளுத்து வந்தன. ஒரு கறுப்புக் கல்லை மட்டும் அவர் எடுத்துப் போகவே இல்லை. "அது ஜென்மத்துக்கும் வெளுக்காது," என்று வாளியோடு 'வேணாம்' பக்கம் தள்ளியிருந்தார்.

பட்டாணி அந்த வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். கல்லின் ஓட்டையிலிருந்து நூல் போல ஒரு கை நீண்டது. மெல்ல வளைந்தது. சட்டென்று உள்ளே போய்விட்டது.

"அப்பா, உள்ள யாரோ இருக்காங்க!"

"யாரா இருந்தாலும் வீட்டுக்குள்ள இடமில்லை. நாத்தம் குடலைப் புடுங்குது."

"பால்கனியில வச்சுக்கட்டுமா?"

"என் கண்ணுல படாம வச்சுக்கோ."

வாளியைப் பால்கனி மூலைக்கு இழுத்துப் போனாள். உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டுமே! கடகட மோட்டாரை எடுத்து, அதன் குழாயை வாளிக்குள் விட்டாள். அழுக்குப் பஞ்சு தனியாகக் கிடந்தது. "நீயும் பாவம்," என்று அதையும் உள்ளே போட்டாள்.

வீட்டுக்குள் தொட்டி பளபளத்தது. உப்புத்தூள் கலந்த புதுத் தண்ணீர், வெள்ளைக் கற்கள். "எப்படி? நம்ம கை பட்டதும் ஜொலிக்குதுல்ல?" என்றார் அப்பா.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. பள்ளிவிட்டு வந்து பார்த்தபோது நிதானம் தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. பட்டாணி தேம்பித் தேம்பி அழுதாள். அப்பாவும் அவளும் அதைப் பூந்தொட்டி மண்ணில் புதைத்தார்கள்.

அன்று பார்த்து நெட்டை ஃபோன் செய்தாள். "ரெண்டும் சாப்பிடுதா?"

"ம்... சாப்பிடுது."

சொல்லிவிட்டாளே தவிர, இரவுச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் அவசரம் தீனிக்கு வரவில்லை. தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பட்டாணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளே ஃபோன் போட்டாள்.

"நெட்டை, நான் பொய் சொல்லிட்டேன். நிதானம் செத்துப்போச்சு. அவசரமும்..."

அந்தப் பக்கம் விசும்பல் மட்டும் கேட்டது. பிறகு, "கல்லெல்லாம் உள்ள இருக்குல்ல?"

"இருக்கு. அப்பா நல்லா வெளுத்துப் போட்டார்."

"கல்லை யாராவது வெளுப்பாங்களா! கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க அதுலதான்டி இருக்கும். அதுங்கதான் தண்ணியைச் சுத்தம் பண்ணும். இல்லாட்டி மீனோட கழிவே விஷமாயிடும். வெளுக்காத கல்லு ஒண்ணுகூட இல்லையா? பழைய பஞ்சு?"

பட்டாணி ஃபோனை மேஜையிலேயே போட்டுவிட்டு ஓடினாள். வலையில் அவசரத்தை ஏந்தி, பால்கனி வாளிக்குள் விட்டாள். சூடு கம்பியையும் பிடுங்கி வந்து போட்டாள்.

கடையிலிருந்து திரும்பிய அப்பா திகைத்து நின்றார். "அந்தச் சாக்கடைத் தண்ணியிலயா விடற?"

"இதுதாம்பா நல்ல தண்ணி. நீங்க வெளுத்ததாலதான்..." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள்.

மேஜைமேல் ஃபோனில் நெட்டை இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். அப்பா எடுத்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் தொங்கிப்போனது.

"அப்ப நான்தான் அதைக் கொன்னுட்டேனா?"

"உங்களுக்குத் தெரியாதுல்லப்பா. எனக்கும்தான் தெரியலை."

அப்பா மேஜைமேலிருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, நாற்றம் பிடித்த வாளியை அவரே உள்ளே தூக்கி வந்து வைத்தார்.

இரண்டு நாள் அவசரம் கறுப்புக் கல்லோடு ஒட்டிக்கொண்டே கிடந்தது. பட்டாணி வாளியை விட்டு நகரவில்லை. மோட்டார் கடகடத்தது. யாரும் அதைத் திட்டவில்லை.

மூன்றாம் நாள் காலை தீனியைப் போட்டதும் அவசரம் பாய்ந்து வந்தது. பட்டாணி குதித்தாள்.

அது தின்றதுபோக மிச்சம் மெல்லக் கீழே இறங்கியது. அது நிதானத்தின் பங்கு. பட்டாணிக்குச் சிரிப்பு நின்றுபோனது.

அப்போது கல்லின் ஓட்டையிலிருந்து நூல் போல ஒரு கை நீண்டது. மிச்சத்தைச் சுற்றிப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது.

அப்பா வாளியின்மேல் குனிந்தார். விளிம்பெல்லாம் பாசி. பரபரத்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"யாரோ இருக்காங்கன்னு சொன்னியே, இவங்கதானா?"

"இவங்களேதான்," என்றாள் பட்டாணி.