ஹரிக்கேனுக்குள் மூச்சு

மனைவி ஹபீலாவுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்த மறுநாள் மத்தியானம், ஜவாஹிர் அம்பிட்டிய மேட்டில் இருந்த தன் பழைய வீட்டைத் திறந்தான். நாற்பது நாளும் கம்பளையில் தாய் வீட்டில் இருந்துவிட்டு வருகிறான். கையில் ஒரு டின் பச்சைப் பெயின்ட். பெஞ்சாதி மௌத்தானவன் கையில் இருக்கிற சாமானா அது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமை மாதிரி விமானக் கண்காட்சி என்று வெட்கமில்லாமல் சொல்லியிருப்பான்.

உள்ளே அடைத்துக் கிடந்த வீட்டின் புழுங்கல் வாடை. சாப்பாட்டு மேசை மீது, இறக்கைக்கு இறக்கை ஆறரை அடி அகலத்தில், அவன் கையாலேயே செய்த ஹரிக்கேன் போர் விமான மாதிரி.

ஜவாஹிர் கண்டி கொழும்பு வீதியில் நாலடிக் கடையில் மணிக்கூடு திருத்துபவன். அவன் கண்ணுக்கு ஊரில் மற்றவன் கையெல்லாம் மண்வெட்டி. அப்படிப்பட்டவனைப் போன வருடக் கண்காட்சியில் ரயில்வே கிளார்க் பெரியதம்பி ஒரே பேச்சில் கவிழ்த்துவிட்டார்.

"விமானம் வடிவுதான், ஜவாஹிர். ஆனா விமானி இருக்கிற இடத்திலை, உள்ளுக்கை வெறும் கறுப்பு மைதானே பூசி வச்சிருக்கிறீர்?"

சொல்லிவிட்டுச் சிரித்த அந்தச் சிரிப்பு ஒரு வருடம் காதுக்குள் கிடந்தது. எழுபத்து நாலாம் வருடம். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் துறைமுகம் தாண்டாத காலம். ஜவாஹிர் அசரவில்லை. பெண்கள் கைக்கடிகாரத்து முகங்களைக் கழற்றி விமானியின் முன்பலகையில் பதித்தான். குடைக்கம்பியை வளைத்து ஓட்டுத்தடி செய்தான். தேயிலைப் பெட்டித் தகரத்தைத் தட்டி ஆசனம். ஹபீலாவின் கைப்பை வாரை, கேட்காமலே அறுத்து, ஆசனத்துக்குப் பட்டி. மிதித்தால் வாலின் சுக்கான் அசையும்படி மிதிகட்டைகள். விமானி பொம்மை மட்டும் வைக்கவில்லை. பொம்மை வைப்பது சின்னப் பிள்ளைகளின் வேலையாம்.

மிஞ்சியது மேலே மூடும் கண்ணாடி மூடி. வளைகிற, தெளிந்த தாள் வேண்டும். கண்டியில் அது எந்தக் கடையிலும் இல்லை.

அலுமாரியில் இருந்தது. பழுப்பு உறைக்குள், ஹபீலாவின் நெஞ்சைப் பிடித்த எக்ஸ்ரே படம்.

இருமல்தானே, ஊரில் யாருக்குத்தான் இல்லை என்று அதை எடுத்துச் சுடுதண்ணீரும் சோடாக்காரமும் கலந்து ஊற வைத்தான். விலா எலும்புகள் கரிப்பிசுக்காகக் கழன்று போயின. கையில் நின்றது தண்ணீர் போலத் தெளிந்த தாள். வெட்டினான், சூடு காட்டி வளைத்தான், பொருத்தினான். இறுக்கமான அருமையான வேலை.

அந்த வாரம் புதன்கிழமை ஹபீலா அலுமாரியை மூன்று தரம் கொட்டித் தேடினாள்.

"நாளைக்கு பெரிய டொக்டர் படத்தக் கொண்டு வரச் சொன்ன. இங்கதானே வெச்ச நான்..."

"ஒனக்கு ஒரு சாமான ஒரு எடத்துல வெச்சுப் பழக்கமீக்கா?" என்றான் ஜவாஹிர், மிதிகட்டைக்கு எண்ணெய் விட்டபடி.

அவள் நம்பினாள். தன்னைத்தானே ஏசிக்கொண்டாள். படம் பார்க்காமல் மருந்து தொடங்க முடியாது, படத்தாளும் தட்டுப்பாடு, அடுத்த படம் பிடிக்க ரெண்டு மாதம் போகும் என்றார்கள். ஒன்றரை மாதத்தில் முடிந்தாள்.

இப்போது அவன் பெயின்ட் டின்னைத் திறக்கும்போது, வாசலில் அவளுடைய தங்கை அனீஸா நின்றாள். அக்காவின் உடுப்புகளை எடுத்துப்போக வந்தவள்.

"மச்சான், ராத்தாட நெஞ்சுப் படம் கெடச்சிச்சா?"

"அவதானே தொலச்ச. என்கிட்ட ஏன் கேக்கிற?"

"டொக்டர் அத வெளிச்சத்துக்குப் புடிச்சுக் காட்டின நேரம் நானும் கூட நின்ட. இடது தோளெலும்புக்குக் கீழ, அம்பது சதக் காசளவு ஒரு வட்டம். கண்ண மூடினா இன்னும் தெரியுது."

அவள் உடுப்புகளைக் கட்டிக்கொண்டு போனாள். ஜவாஹிர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான்.

மூடி மங்கியிருந்தது.

மாசி மாத வெயில். ஜன்னல் கம்பி சுடுகிறது. துணியால் துடைத்தான். போகவில்லை.

மங்கல் உள்பக்கம்.

மூடியைப் பின்னுக்குத் தள்ளினான். முகத்தில் ஈரமான சூடு பட்டது. அதோடு யூகலிப்டஸ் எண்ணெய் வாசனை. ஹபீலா படுக்கும்முன் நெஞ்சில் தேய்ப்பாளே, அதே வாசனை. அன்று வீட்டைத் திறந்தபோது இல்லாதது.

அவன் மூடியை அடைத்துத் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

மூடி தெளிந்தது.

மங்கியது.

தெளிந்தது. பிறகு, இருமல் வருமுன் நெஞ்சு நின்று தயங்குமே, அப்படி ஒரு தயக்கம்.

ஆசனத்துத் தகரம் குளிரும்போது மூடி வேர்க்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். தகரம் அன்று குளிரவில்லை.

மூடியைக் கழற்றி எறிய ஒரு நிமிடம் போதும். எறிந்தால் மூடியில்லாத விமானம், மறுபடி பெரியதம்பியின் சிரிப்பு. ஜவாஹிர் கணக்குப் பார்த்தான். எறியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம் அவன் மேசையைச் சுற்றித்தான். பெரியதம்பி குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"உதென்னப்பா, உள்ளுக்கை ஆளிருக்கிற மாதிரியெல்லோ? இந்த மூச்சை எப்பிடிச் செய்தனீர்?"

"அது... தொழில் ரகசியம்," என்றான் ஜவாஹிர். குரல் எலிக்குரலாக வந்தது.

"விமானியை வைக்காமலே விமானி இருக்கிறான். நான் தோத்தன், ஐசே."

முதல் பரிசு. சிவப்பு ரிப்பனை நடுவர் விமானத்தின் மூக்கில் கட்டினார். கை தட்டினார்கள். வருடம் முழுக்கக் காத்திருந்த கைதட்டல். அவனுக்கோ அதற்கிடையில் ஒரு மெல்லிய இருமல்தான் கேட்டது.

கூட்டம் விலகியபோது எதிரே அனீஸா. அவள் அவனைப் பார்க்கவில்லை. மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடி முழுவதும் மங்கியிருந்தது, இடது ஓரத்தில் ஓர் இடத்தைத் தவிர. அங்கே மட்டும் மூச்சு படியவில்லை. அம்பது சதக் காசளவு, கறுப்பாக, சுத்தமான வட்டம்.

"மச்சான்," என்றாள் மெதுவாக. "அத எனக்குத் தெரியும்."

அவன் மூடியைக் கையால் மறைத்தான். அனீஸா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நேரே தன் வாப்பாவும், அண்ணன்மாரான நானாமாரும் இருக்கிற கெலிஓயாவுக்கு பஸ் ஏறினாள்.

அன்று பொழுதுபடுமுன் ஜவாஹிர் மூடியைப் பிய்த்து அடுப்பில் போட்டான். நீலமாக எரிந்து ஒன்றுமில்லாமல் போனது. ரிப்பனை மட்டும் போடவில்லை.

திங்கட்கிழமை காலை கடை திறந்தான். எப்படியும் நானாமார் வருவார்கள். வந்தால் சொல்ல ஒரு பொய் வேண்டும். அதற்குள் முதல் வாடிக்கைக்காரர் வந்து கைக்கடிகாரத்தை நீட்டினார்.

"சனிக்கிழமைதான் உங்ககிட்ட எடுத்தேன். கண்ணாடிக்குள்ள ஆவி புடிச்சிருக்கே, பாருங்க."

"தண்ணி பட்டிருக்கும். உங்களுக்கு ஒரு சாமான் பாவிக்கத் தெரியாது," என்று பழைய மிடுக்கில் சொல்லிக்கொண்டே வாங்கினான். சுவரில் மாட்டியிருந்த மணிக்கூடுகளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

பதினேழு கண்ணாடிகள்.

எல்லாம் சேர்ந்து மங்கின.

எல்லாம் சேர்ந்து தெளிந்தன.

பூதக்கண்ணாடியை எடுத்து வலது கண்ணில் கவ்வக் கொடுத்துக் குனிந்தான். மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, விரல் நுழையாத அந்த இடத்தில், இளஞ்சூடாக, யூகலிப்டஸ் மணத்தோடு, யாரோ மூச்சு விட்டார்கள்.