பெரியவரின் கனைப்பு

மத்தியானச் சோற்று வேளைக்குத்தான் செத்துப்போன வீட்டுக்காரப் பெரியவர் வருவார் என்று வீட்டு புரோக்கரே சொல்லியிருந்தான். அதனால்தான் கள்ளக்குறிச்சி கடைவீதிக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய முற்றத்து வீடு, கருணாபுரத்து ஓட்டு வீட்டை விற்றுவிட்டு வந்த மகேஸ்வரிக்கும் அவள் புருஷன் தங்கதுரைக்கும் கட்டுப்படியானது.

தேக்குத் தூண்கள், வானம் தெரியும் முற்றம், கூடத்தில் கனத்த ஊஞ்சல். அந்தக் காலத்தில் பெரியவர் அதில் உட்கார வரும்போது ஒரு கனைப்பு கனைப்பார். முற்றத்தில் வேலை செய்யும் பெண்கள், சோற்றில் கை வைத்திருந்தாலும், எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட வேண்டும். மகேஸ்வரியின் அம்மா ஆண்டாள் பாதிச் சோற்றோடு ஓடிய வீடு இது.

அவர் செத்தும் வழக்கம் சாகவில்லை. பின்னால் குடிவந்த எல்லோரும் கனைப்புக்குப் பயந்து எழுந்தார்கள். எழுந்து வெளியே போனவர்களுக்குக் கதவு மறுபடி திறக்கவே இல்லை.

குடிவந்த அன்றே இருவரும் முற்றத்தில் இலை போட்டு உட்கார்ந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கிருந்தோ மூக்குப்பொடி வாசனை வந்தது.

ஊஞ்சல் சங்கிலி முனகியது.

பிறகு கனைப்பு. காதருகே, தொண்டைச் சளியோடு.

தங்கதுரை தன்னையறியாமல் எழப் பார்த்தான். மகேஸ்வரி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"குந்துங்க."

"வோணாம் மகேசு, போய்டலாம்."

"எங்க போறது? நமக்கு வேற வூடு ஏது? எங்கம்மா எழுந்து ஓடுன எடத்துல நான் குந்திக்கினு துன்னப் போறேன். இன்னா பண்ணிடுவாரு, பாக்கலாம்."

அடுத்த கனைப்பில் தூண்கள் அதிர்ந்தன. கொதித்த குழம்பு இலையிலேயே ஜில்லிட்டது. அவள் கொண்டையை ஒரு கை பற்றி மேலே தூக்கியது.

அவளுக்கு உயிரே போகும்போலிருந்தது. ஆனால் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. தரையோடு அழுந்தி உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றாள்.

கொண்டையை விட்டது அந்தக் கை.

அவளே எழுந்து கை கழுவினாள். நேரே கூடத்துக்குப் போய் ஊஞ்சலில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பலகை தாழ்ந்திருந்தது, ஆள் இருப்பதுபோல.

"எந்திரிச்சித் தள்ளு," என்றாள்.



பிறகு பக்கத்தில் தாழ்ந்திருந்த பலகை மெல்ல மேலேறியது. அவள் முதுகில் குளிர்ந்த உள்ளங்கைகள் இரண்டு பதிந்தன. ஊஞ்சல் ஆடத் தொடங்கியது.

தங்கதுரை இன்னும் முற்றத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.